அறையைச் சுற்றிக் காட்டவும்

தையல் மெஷினின் தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடிவிட்டால் அதுதான் மேசை. இரணியல் பக்கத்தில் என் தங்கை வீட்டில் அப்படித்தான். பகலில் அவள் ஜாக்கெட் தைப்பாள். இரவில் அவள் மகள், என் மருமகள், அதே பலகையில் லேப்டாப்பை வைத்துப் படிப்பாள். பொறியியல் கடைசி ஆண்டு. சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்கு ஆள் எடுக்க வரும் ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் தேர்வை அவள் வீட்டிலிருந்தே எழுத வேண்டியிருந்தது. நடுவில் இன்டர்நெட் போனால் என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுக்கலாம் என்று நானும் போயிருந்தேன்.

இருப்பது ஒரே அறை, பிறகு அடுக்களை. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. கட்டிலில் படுத்திருந்த பாட்டியைக் கைத்தாங்கலாக அடுக்களைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நான் வாசல்படிக்கு வெளியே நின்றேன். முதலில் முகத்தைக் காட்டச் சொன்னது திரை. அடுத்து அடையாள அட்டை. அதற்கும் அடுத்து, அறையைச் சுற்றிக் காட்டவும் என்று வந்தது. மருமகள் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சாமிக்குக் கற்பூரம் காட்டுவது போல மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அவள் தோளுக்கு மேலாகத் திரை எனக்குத் தெரிந்தது. கொடியில் காயும் துணி. மாலை போட்ட அவள் அப்பாவின் படம். அதன் கீழே தினசரிக் காலண்டர். சாமி படங்கள். சன்னல் திட்டில் பாட்டியின் சர்க்கரை மாத்திரை டப்பா, பக்கத்தில் கண் சொட்டு மருந்து. ஓட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தில் செருகிய பிளாஸ்டிக் தாள். தைத்து முடித்த துணிகளில் பேனாவால் பெயர் எழுதிக் குத்திய சீட்டுகள். முப்பது, நாற்பது வினாடிக்குள் அத்தனையும் எங்கோ இருக்கும் ஒரு சேமிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டுக்கு இருபது வருடமாகப் போய்வருகிறேன். அத்தனையையும் ஒருசேர நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தனியுரிமை என்று சொல்லும்போது நம் மனதில் ஒரு தனி ஆள்தான் வருகிறார்: என் போன், என் கடவுச்சொல், என் படம். நாஞ்சில் நாட்டு வீடுகளில் அந்தக் கணக்கு ஒத்துவராது. மாணவி ஒருத்திதான் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துகிறாள். ஆனால் பதிவாவது பாட்டியின் நோய், அப்பாவின் இறப்பு, வீட்டின் வருமானம், குடும்பத்தின் மதம். ஒரு வீட்டின் மதம் அதன் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மதம் தெரிவதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தைப் பற்றிக் குமரி மாவட்டத்துப் பெரியவர்களிடம் கேட்கலாம். தங்கையும் பாட்டியும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதே காரியத்துக்காக நீதிமன்றம் போனார். வேதியியல் தேர்வுக்கு முன் அவருடைய படுக்கையறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று இப்படி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, காரணமில்லாத சோதனைக்கு எதிராக அந்நாட்டு அரசியல் சாசனம் தரும் பாதுகாப்பை மீறுவதாகும் என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். வாடிக்கையாக நடக்கிறது, எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்பதால் அது சோதனை இல்லை என்று ஆகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தக் கேமராக் காவல் நம் ஊருக்கு வந்தது அவசரத்தில். 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டன. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து இந்துக் கல்லூரி வரை, மார்த்தாண்டத்து நேசமணி கல்லூரியிலிருந்து கோணத்துப் பொறியியல் கல்லூரி வரை, சாக்பீஸ் பிடித்தே பழகிய ஆசிரியர்கள் சில வாரங்களுக்குள் போன் முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டி வந்தது. அப்போதைய கவலையெல்லாம் டவர் கிடைக்குமா, டேட்டா தீர்ந்துவிடுமா என்பதுதான். தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்ததும் அந்தக் கவலையால்தான். பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்குடிகளின் பிள்ளைகளுக்கு டவர் கிடைப்பதே பெரும்பாடு. அந்த நிலையில் எந்தச் செயலி எதை எடுக்கிறது என்று யார் கேட்பது? கேட்காமல் விட்டதில் தப்பில்லை. அந்த அவசரம் முடிந்து இத்தனை வருடமான பிறகும் கேட்காமலே இருக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நாட்களில் எல்லாரும் சூமில்தான் இருந்தோம். தொடக்கத்தில் சூமில் ஒரு வசதி இருந்தது. ஒருவர் திரையைப் பகிரும்போது, வகுப்பில் இருப்பவர் சூம் சன்னலை விட்டுக் கணினியில் வேறு பக்கத்தில் 30 வினாடிக்கு மேல் இருந்தால், நடத்துபவரின் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் தோன்றும். நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எடுப்பவர் கவனமுள்ளவராகவும், அதே கணினியில் வேறு பக்கத்தில் குறிப்பு எடுப்பவர் கவனம் சிதறியவராகவும் தெரிவார். எதிர்ப்பு கிளம்பியதும் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதே மாதம் 16ஆம் தேதி இந்திய உள்துறை அமைச்சகமும் சூம் பாதுகாப்பான தளம் அல்ல என்று எச்சரித்தது. எழுந்த கேள்விக்கு ஒரு நிறுவனம் பணிந்து ஒரு வசதியை நீக்கியது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் நடக்கும்.

பிறகு தேர்வுகள். அண்ணா பல்கலைக்கழகம் 2020 செப்டம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்கும், அடுத்து 2021 பிப்ரவரியில் மற்ற மாணவர்களுக்கும் செயற்கை நுண்ணறிவு கண்காணிக்கும் ஆன்லைன் தேர்வை நடத்தியது. குமரி மாவட்டத்துப் பொறியியல் மாணவர்களும் அதை எழுதினார்கள். முடிவுகள் வந்தபோது ஏராளமானோர் தோல்வி. பலருக்கு முடிவே நிறுத்திவைக்கப்பட்டது. தலையைத் திருப்பினோம், பின்னால் சத்தம் கேட்டது, அதையெல்லாம் முறைகேடு என்று இயந்திரம் குறித்துவிட்டது என்றார்கள் மாணவர்கள். 2021 மே மாதம் உயர்கல்வித்துறை அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். மறுதேர்வை வீட்டிலிருந்தபடியே தாளில் விடை எழுதி அனுப்பும் முறையில் நடத்தினார்கள்.

அந்த இயந்திரம் எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அதற்கு முகம் என்றால் என்ன என்று தெரியாது. வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். 2001இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் கொண்டுவந்த முறை இதை எளிதாகக் காட்டும். கண் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருண்டது. மூக்குத் தண்டு அதன் இருபுறமும் இருக்கும் கண்களைவிட வெளிச்சமானது. படத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டங்களை நகர்த்தி, இந்தப் பாதி எவ்வளவு வெளிச்சம், அந்தப் பாதி எவ்வளவு இருட்டு என்று கழித்துப் பார்த்துக்கொண்டே போனால், பொருந்தி வரும் இடத்தில் முகம் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். இன்றைய நரம்பியல் வலைப்பின்னல்கள் இதைவிட எவ்வளவோ நுட்பமானவை. ஆனாலும் வெளிச்ச வேறுபாடு இல்லாமல் அவற்றாலும் எதுவும் செய்ய முடியாது.

இப்போது ஓட்டு வீட்டுக்குள் வாருங்கள். ஒரே ஒரு டியூப் லைட். மாணவிக்குப் பின்னால் திறந்த சன்னல். அங்கிருந்து வெயில் கேமராவின் கண்ணில் அடிக்கிறது. முகம் முழுக்க நிழல். இடவப்பாதி மழை நேரமென்றால் கரண்ட் நின்று நின்று வரும். கருத்த தோல் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டும். ஜாய் புவோலாம்வினி, டிம்னித் கெப்ரு இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், விற்பனையில் இருந்த மென்பொருள்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வேலையைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு. கருத்த பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. அவர்கள் சோதித்தது தேர்வுக் கண்காணிப்பை அல்ல. ஆனால் எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அந்த முகங்களைத்தான் இயந்திரம் நன்றாகப் பார்க்கும் என்பதை அந்த ஆய்வு உலகத்துக்குக் காட்டியது. கடலோரத்து வெயிலில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளின் முகங்கள் அந்தத் தொகுப்புகளில் எத்தனை இருந்திருக்கும்?

சரி, இயந்திரம் நன்றாகவே பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. புள்ளியியல் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் கணக்கு. தேர்வு நடத்துபவர்கள் மறந்துபோகும் கணக்கும் அதுதான். ஒரு லட்சம் பேர் எழுதுகிறார்கள். அதில் நூற்றுக்கு இரண்டு பேர் காப்பி அடிக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். அதாவது 2,000 பேர். காப்பி அடிப்பவர்களில் நூற்றுக்கு 90 பேரை இயந்திரம் பிடித்துவிடுகிறது, 1,800 பேர். ஒழுங்காக எழுதுபவர்களில் நூற்றுக்கு 5 பேரை மட்டும் தவறாகக் குறிக்கிறது. கேட்கச் சின்னப் பிழைதான். ஆனால் ஒழுங்காக எழுதுபவர்கள் 98,000 பேர் ஆயிற்றே. அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் 4,900. ஆக, சிவப்புக் குறி விழுந்தவர்கள் 6,700 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரு தப்பும் செய்யாதவர்கள். தப்பு செய்பவர்கள் எவ்வளவு குறைவோ, குறி விழுந்தவர்களில் நிரபராதிகளின் பங்கு அவ்வளவு கூடும். ஒவ்வொரு குறியையும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்த்து முடிவெடுத்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். குறியையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் தாங்காது.

அடுக்களையில் இடியாப்பம் பிழியும் அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்தால் இரண்டாவது முகம். தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனால் இன்னொருவர் குரல். யோசிக்கும்போது கூரையைப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். அது பார்வை விலகல். தனி அறையும் மூடும் கதவும் உள்ள பிள்ளைக்கு இந்தக் குறிகள் விழ வாய்ப்புக் குறைவு. இந்தக் கருவி வறுமையையும் சேர்த்துத்தான் அளக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

தாளில் எழுதி அனுப்பும் முறை இதைவிட மேல் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எழுதிய தாளைப் படமெடுத்து பிடிஎஃப் ஆக்க வேண்டும். அதற்குக் கொரோனாவின் தொடக்கத்தில் பலர் கையில் இருந்தது கேம்ஸ்கேனர். அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கான நிரல் ஒளிந்திருந்ததை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒரு நிரல் தொகுப்பு வழியாக அது உள்ளே வந்திருந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளில் டிக்டாக்கோடு கேம்ஸ்கேனரும் ஒன்று. கொரோனாவின் நடுவில், ஒரே இரவில், மாணவர்கள் வேறு செயலி தேடி அலைந்தார்கள். போனில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் செய்ய முடியும் என்று எத்தனை கல்லூரிகள் சொல்லிக் கொடுத்தன?

இங்கே ஒரு படத்தைத் திறந்தே காட்டிவிடுகிறேன். போனில் எடுத்த எந்தப் படத்தையும் எடுத்து அதன் விவரங்களைப் பாருங்கள். நாள், மணி, போனின் மாடல் எல்லாம் இருக்கும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் இரண்டு எண்களும் இருக்கும். குமரி மாவட்டத்தில் எடுத்த படமென்றால் முதல் எண் 8 என்றும் இரண்டாவது 77 என்றும் தொடங்கும். அகத்தீஸ்வரத்திலிருந்து விளவங்கோடு வரை எல்லாருக்கும் இது பொது. மாவட்டம் முழுவதும் ஒரு பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் துல்லியம், 8.18, 77.43 என்றால் நாகர்கோவில் நகரம் என்று தெரியும். மூன்று இலக்கம் என்றால் தெரு. நான்கு இலக்கம் என்றால் 11 மீட்டர், அதாவது வீடு. போன்கள் ஐந்தாறு இலக்கம் எழுதும். தையல் மெஷின் பலகையில் வைத்து எடுத்த விடைத்தாள் படத்துக்குள், அந்தத் தையல் மெஷின் எங்கே நிற்கிறது என்பதும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த எண்கள் நீங்கிவிடும். அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பினாலோ மின்னஞ்சலில் இணைத்தாலோ அப்படியே போகும். தெளிவாகத் தெரிய வேண்டும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்றுதான் ஆசிரியர்கள் நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைக்க அரை நிமிடம் போதும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது, ஏனென்றால் இங்கே கல்லூரி நடப்பதே அதில்தான். அதில் எழுதுவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால் குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாருடைய போன் நம்பரும் தெரியும். அறுபது பேர் கொண்ட வகுப்பு. துறைக்கு ஒன்று, விழாவுக்கு ஒன்று, என்எஸ்எஸ்ஸுக்கு ஒன்று என்று ஐந்தாறு குழுக்கள். ஒரு மாணவியின் நம்பர் இருநூறு முந்நூறு போன்களுக்குப் போய்விடும். இரவு பதினோரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ‘ஹாய்’ வருவது அதன் பிறகுதான். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கல்லூரியில் அறிவிப்புகளுக்கு, யாருடைய நம்பரும் மற்றவர்க்குத் தெரியாத வழி வேண்டும். கூகுள் கிளாஸ்ரூம் அதைச் செய்யும். மூடில் என்ற படிப்புத் தளமும் அதைச் செய்யும். வாட்ஸ்அப்பிலேயே ‘சேனல்’ என்ற வசதியில் பின்தொடர்பவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது.

இன்னொன்றை நானே பார்த்தேன். ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், உதவித்தொகை விவரம் கேட்டு கூகுள் ஃபார்ம் அனுப்பினார்கள். ஆதார் எண், சாதி, பெற்றோர் வருமானம், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தன. பதில்கள் விழும் விரிதாளை ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று திறந்துவைத்து, யார் யார் இன்னும் நிரப்பவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று இணைப்பைக் குழுவிலேயே போட்டுவிட்டார்கள். திருடன் யாரும் வரவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்த ஒருவர் செய்த காரியம் அது. தகவல் கசிவதில் பெரும்பகுதி இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

பெரிய கசிவுகளும் நடந்திருக்கின்றன. 2020 மே மாதம், அன்அகாடமி தளத்தின் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தது தெரிந்தது. ஒரு நல்ல காரியம், அதில் கடவுச்சொற்கள் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை, அரைத்து வைக்கப்பட்டிருந்தன. அம்மியில் அரைத்த தேங்காயை மீண்டும் சில்லாக்க முடியாது. ஆனால் ஒரே மாதிரி தேங்காயை ஒரே மாதிரி அரைத்தால் ஒரே விழுது வரும். தளம் சேமித்து வைப்பது விழுதைத்தான். நீங்கள் நுழையும்போது தரும் சொல்லை மறுபடி அரைத்து, இரண்டு விழுதும் ஒன்றா என்று ஒப்பிடும். ஆளுக்கு ஆள் வேறுபடும்படி அதோடு கொஞ்சம் எழுத்துகளைச் சேர்த்து அரைப்பார்கள். அதற்குப் பெயரே உப்புதான். ஆயிரக்கணக்கான தடவை அரைத்தால், திருடியவன் ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்க்க அவ்வளவுக்கு அதிக நேரம் பிடிக்கும். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். தேர்வுக்காகக் காட்டிய முகத்தை என்ன செய்வது?

அரசு நடத்தினால் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளில் 160க்கு மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, பத்தில் ஒன்பது பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு செய்யக்கூடியவை என்றது. நம் அரசின் தீக்‌ஷா செயலியும் அதில் உண்டு. மாணவர்களின் துல்லியமான இருப்பிடத்தை அதனால் எடுக்க முடிந்தது. 2023 ஜனவரியில், அதே தீக்‌ஷாவின் ஆசிரியர், மாணவர் விவரங்கள் பூட்டில்லாத சேமிப்பகம் ஒன்றில் ஓராண்டுக்கும் மேலாகக் கிடந்தது வெளியானது.

எழுதிவைத்த விவரம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் ஓலைக் கட்டுகள் இருந்தன. நிலம் கைமாறியது, வரி கட்டியது, ஆட்களை அடிமைகளாக விற்றது வாங்கியது எல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடிப் படித்தார், பிறகு ஆய்வாளர் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்ற நூலாகவே கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டு வரலாறு எழுதுபவர்களுக்கு அது புதையல். ஆனால் அந்த ஓலையில் விலை எழுதப்பட்ட அந்த மனிதர்களை நினைத்துப் பாருங்கள். தங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லும் உரிமையோ, அழித்துவிடு என்று சொல்லும் உரிமையோ அவர்களுக்கு இல்லை. எழுதியவர் கணக்குக்காக எழுதினார். கணக்கு தீர்ந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் ஓலை இருந்தது. எழுத்துக்குத் தான் எழுதப்பட்ட காரணம் தெரியாது. அது பாட்டுக்கு இருக்கும். ஓலையையாவது செல் அரிக்கும்.

படிப்புத் தளங்கள் எழுதும் ஓலை இன்னும் நுணுக்கமானது. மூடிலைத் திறந்தால், எந்த மாணவர் எத்தனை மணிக்கு வந்தார், எதைத் திறந்தார், எப்போது விடையை ஏற்றினார் என்று வரிசையாக இருக்கும். பகலில் முந்திரி ஆலையில் வேலை பார்த்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு அசைன்மென்ட் ஏற்றும் ஒரு பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் அந்த நேர வரிசையில் தெரிந்துவிடும். அக்கறையுள்ள ஆசிரியர் பார்த்தால் அவளுக்குக் கூடுதல் நாள் கொடுப்பார். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் பார்த்தால் ஒழுங்கில்லாதவள் என்று எழுதிக்கொள்ளும். பதிவு ஒன்றுதான். யார் கையில், எதற்காக, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடில் ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள். ஒரு கல்லூரி அதைத் தன் சொந்தக் கணினியிலேயே நடத்தலாம், வருடக் கடைசியில் பதிவுகளை அழிக்கலாம். கல்லூரிகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். நமக்குப் பக்கத்துக் கேரளத்தில், விடுதியில் மாலை நேரம் போன் பயன்படுத்தத் தடை போட்டதை எதிர்த்த மாணவி ஃபஹீமா ஷிரினை விடுதியிலிருந்து நீக்கியபோது, இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையின், தனியுரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. பெற்றோர் சம்மதம் வேண்டும். நம் ஊரில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைகள் பலருக்குப் பதினேழுதான். முதல் வருட வகுப்பில் ஒரே பெஞ்சில் சட்டப்படி ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் உட்கார்ந்திருப்பார்கள். கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் விதிகளில் உண்டு.

அதே சட்டம் சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. தேர்வு தொடங்க நான்கு நிமிடம் இருக்கும்போது, அழுத்தாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில் அழுத்தும் பொத்தானை எப்படிச் சுதந்திரம் என்பது? இதற்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு: மறுக்க முடியாத இடத்தில் சம்மதம் கேட்பதை விட்டுவிட்டு, எடுப்பதைக் குறைக்க வேண்டும். வீட்டில் இடமில்லாத பிள்ளை கல்லூரிக் கணினி அறையில் வந்து எழுதட்டும். அறையைக் காட்டச் சொல்வதை நிறுத்தட்டும். எடுத்த படத்தை முடிவு வெளியானதும் அழிக்கட்டும். அறிவிப்பைத் தமிழிலும் தரட்டும்; அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழி எதிலும் அதைப் படிக்கக் கேட்கும் உரிமை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

அன்று தேர்வு முடிந்து பாட்டியைத் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு மருமகள் கேட்டாள்: “மாமா, அந்த வீடியோவ எப்ப அழிப்பாங்க?”

“தெரியலியே மக்களே. வா, பாப்போம்.”

இருவரும் உட்கார்ந்து அந்தத் தளத்தின் கொள்கைப் பக்கத்தைப் படித்தோம். நீண்ட ஆங்கிலம். தேவைப்படும் காலம் வரை வைத்திருப்போம் என்று ஓர் இடத்தில் இருந்தது. யாருக்குத் தேவை என்று இல்லை. கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. அவளே எழுதினாள், நான்கு வரி: என் வீடியோ எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிப்பீர்கள், அதில் என் பாட்டியின் மருந்தும் அம்மாவிடம் தைக்கக் கொடுத்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முதல் இரண்டு கேள்விக்கும் பொதுவான பதில். மூன்றாவதற்கு ஓர் எண் இருந்தது: தேர்வு நடந்த நாளிலிருந்து 180 நாள். தங்கை தையலை நிறுத்திவிட்டு, “அப்போ எந்தத் தேதி வரும் பிள்ளே?” என்றாள். மருமகள் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகத் திருப்பி எண்ணத் தொடங்கினாள்.